பாராலீகல் சம்பளம்: சான்றிதழுக்கு 8,000 டாலர் கட்டுவதற்கு முன்

கேள்வி: சென்னையில் பி.எல். முடித்து, உரிமையியல் நீதிமன்றத்தில் சில ஆண்டுகள் ஜூனியராக இருந்தேன். இப்போது எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைக்குத் தரும் எச்-4 விசாவில் நியூஜெர்சி எடிசனில் வசிக்கிறேன். வேலை செய்வதற்கான ஈஏடி அட்டை வந்துவிட்டது. இங்குள்ள குடியேற்றச் சட்ட அலுவலகம் ஒன்று, ஓவர்டைம் இல்லாமல் ஆண்டுக்கு 52,000 டாலருக்குப் பாராலீகலாக, அதாவது வழக்கறிஞருக்குச் சட்டப் பணிகளில் உதவுபவராக, அழைக்கிறது. 8,000 டாலர் கட்டிச் சான்றிதழ் படிப்பு முடித்தால் கூடுதலாகக் கிடைக்குமா? கணவரின் சம்பளம் 1,40,000 டாலர்.

பதில்: அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2024 மே மாதக் கணக்குப்படி, பாராலீகல்களின் இடைநிலை ஆண்டு ஊதியம் (பாதிப் பேர் இதற்கு மேலும் பாதிப் பேர் கீழும் வாங்கும் தொகை) 61,010 டாலர். கீழ்த்தட்டில் உள்ள பத்து விழுக்காட்டினர் 39,710 டாலருக்கும் குறைவாகவும், மேல்தட்டில் உள்ள பத்து விழுக்காட்டினர் 98,990 டாலருக்கும் அதிகமாகவும் வாங்குகிறார்கள். ஒரே பெயருள்ள வேலையில் இவ்வளவு இடைவெளி இருப்பதற்குப் படிப்பை விட, அலுவலகம் தன் கட்சிக்காரரிடம் எப்படிப் பணம் வாங்குகிறது என்பதே பெரிய காரணம் என்பது என் கருத்து.

பாராலீகல் உழைத்த நேரத்துக்கும் சந்தை விகிதத்தில் கட்டணம் கோரலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1989-இல், மிசௌரி எதிர் ஜென்கின்ஸ் வழக்கில் ஏற்றுக்கொண்டது. பெரு நிறுவன வழக்குகள், காப்புரிமை, நிறுவன இணைப்புகள் போன்றவற்றைக் கவனிக்கும் அலுவலகங்கள் மணிக்கணக்கில் பில் போடுவதால், அங்கே பாராலீகலின் ஒவ்வொரு மணி நேரமும் அலுவலகத்துக்கு வருமானமாகிறது. சம்பளமும் அதற்கேற்ப உயர்கிறது. குடியேற்ற அலுவலகங்களோ பெரும்பாலும் ஒரு மனுவுக்கு இவ்வளவு என்று நிலையான கட்டணம் வாங்குகின்றன. ஒரு எச்-1பி மனுவுக்கு நீங்கள் ஆறு மணி நேரம் செலவிட்டாலும் பத்து மணி நேரம் செலவிட்டாலும் அலுவலகத்துக்கு வருவது ஒரே தொகைதான். உங்களுக்குச் சொல்லப்பட்ட தொகை இடைநிலைக்குக் கீழே இருப்பதற்கு, அனுபவக் குறைவோடு இதுவும் சேர்ந்திருக்கலாம்.

ஆனாலும் என்னை அதிகம் உறுத்துவது 52,000 என்ற எண் அல்ல, 'ஓவர்டைம் இல்லாமல்' என்ற சொற்கள்தான். கூட்டாட்சித் தொழிலாளர் விதிகள், பாராலீகல்கள் பொதுவாக ஓவர்டைம் விலக்குக்கு உரிய, அதாவது ஓவர்டைம் ஊதியம் தரத் தேவையில்லாத, அறிவுசார் தொழிலர் வகையில் வரமாட்டார்கள் என்று வெளிப்படையாகவே சொல்கின்றன. மாதச் சம்பளம் என்று பெயரிட்டுவிட்டால் மட்டும் அந்த உரிமை போய்விடாது. 52,000 டாலரை வாரம் 40 மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 25 டாலர். 40 மணி நேரத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு மணிக்கும் ஒன்றரை மடங்கு, அதாவது 37.50 டாலர் தர வேண்டும். வாரம் ஐந்து மணி நேரம் கூடுதலாக 48 வாரம் உழைத்தால் 9,000 டாலர் சேர்ந்து, உங்கள் ஆண்டு வருமானம் 61,000 டாலராகிறது. ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான எச்-1பி மனுக் காலத்தில் ஐந்து மணி நேரத்தோடு வேலை முடிந்துவிடாது. ஆகவே, எந்த விதியின்கீழ் உங்களுக்கு விலக்கு அளிக்கப்படுகிறது என்பதை எழுத்தில் கேளுங்கள். சேர்ந்த நாளிலிருந்து வேலை நேரத்தை நீங்களும் தனியே குறித்து வையுங்கள்.

சான்றிதழைப் பொறுத்தவரை, நியூஜெர்சியில் பாராலீகலாக வேலை பார்க்க உரிமம் தேவையில்லை. அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் அங்கீகரித்த படிப்புக்குப் பெரிய அலுவலகங்களில் மதிப்பு உண்டு என்றாலும், சட்டப் பட்டமும் நீதிமன்ற அனுபவமும் உள்ள உங்களுக்கு அதே 8,000 டாலரால் கிடைக்கும் ஆதாயம் குறைவு. முதலில் நியூயார்க் மாநிலச் சட்டத் தேர்வு வாரியத்திடம் உங்கள் பி.எல். பட்டத்தை மதிப்பிடச் சொல்லி விண்ணப்பியுங்கள். படிப்பின் கால அளவும் பாடமும் அவர்கள் விதிக்குப் பொருந்தினால், எல்எல்.எம். என்ற சட்ட முதுநிலைப் பட்டம் படிக்காமலேயே வழக்கறிஞர் தேர்வு எழுதலாம். பாராலீகல் வேலையிலேயே தொடர்வதாக இருந்தால், வழக்கு ஆவணங்களை மின்னணு முறையில் சலித்தெடுக்கும் ரிலேட்டிவிட்டி போன்ற மென்பொருளைக் கற்பது குறைந்த செலவில் கூடுதல் சம்பளத்துக்கு வழிவிடும்.

பேரம் பேசுவதற்கு முன் சந்தை விலையைப் பாருங்கள். 2025 ஜூன் 1 முதல் நியூஜெர்சியிலும், 2023 செப்டம்பர் முதல் நியூயார்க்கிலும், மிகச் சிறிய அலுவலகங்கள் தவிர மற்றவை வேலை விளம்பரத்திலேயே சம்பள வரம்பை வெளியிட வேண்டும். ஒரு வாரம் அந்த விளம்பரங்களைத் துறைவாரியாகக் குறித்து வைத்தாலே, உங்கள் வட்டாரத்தில் நிலவும் விலை தெரிந்துவிடும். ரயிலேறி மன்ஹாட்டன் போவதாக இருந்தால், பயணச்சீட்டுச் செலவோடு, நியூயார்க் மாநில வரி முதலில் பிடிக்கப்பட்டு நியூஜெர்சி கணக்கில் வரவு வைக்கப்படும் முறையையும் கருத்தில் கொள்ளுங்கள்.

கைக்கு வருவது எவ்வளவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். கணவரோடு கூட்டாகக் கணக்குத் தாக்கல் செய்யும்போது, அவருடைய சம்பளமே 22 விழுக்காட்டு வரி அடுக்கை எட்டிவிடுவதால், உங்கள் 52,000 டாலர் முழுவதும் அந்த விகிதத்திலேயே வரிக்கு உட்படும். கூட்டாட்சி வருமான வரி 11,440 டாலர், சமூகப் பாதுகாப்பும் மெடிகேரும் சேர்ந்து 3,978 டாலர் போக, மாநில வரிக்கு முன் மிஞ்சுவது ஏறத்தாழ 36,600 டாலர். குழந்தைப் பராமரிப்புச் செலவு இருந்தால் இந்தத் தொகையிலிருந்துதான் கழிக்க வேண்டும்.

இந்த வருமானத்தை நம்பி வீட்டுக் கடன் போன்ற நீண்டகாலப் பொறுப்பு எதையும் இப்போது ஏற்காதீர்கள். 2025 அக்டோபர் 30 முதல் தாக்கலாகும் புதுப்பிப்பு விண்ணப்பங்களுக்கு, ஈஏடி தானாக நீளும் சலுகை நீக்கப்பட்டுவிட்டது. புதிய அட்டை வரும்வரை வேலையும் சம்பளமும் நின்றுபோகலாம். காலாவதிக்கு 180 நாள் முன்பே விண்ணப்பிக்க இடமுண்டு என்பதால், அந்தத் தேதியை இன்றே நாட்காட்டியில் குறித்துக்கொண்டு, முதல் ஆண்டுச் சம்பளத்திலிருந்து ஆறு மாத வீட்டுச் செலவுக்கான தொகையைத் தனிக் கணக்கில் ஒதுக்கிவிடுங்கள்.