பாசிக்குடா விடுதிக்குப் பிடியூ மீற்றர்: எம்-பஸ், மோட்பஸ், பக்நெட் மூன்றில் எது?

கேள்வி: பாசிக்குடாவில் கடற்கரையோர விடுதி ஒன்றின் பராமரிப்பைப் பார்க்கிறேன். நடுவில் சில்லர் (நீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) அறை. அங்கிருந்து குளிர்நீர்க் குழாய்கள் ஆறு கட்டடங்களுக்குப் போகின்றன. கடைசிக் கட்டடம் 300 மீற்றர் அளவு தள்ளி. உணவகத்தையும் ஸ்பாவையும் வெளியாருக்குக் குத்தகைக்குக் கொடுத்திருக்கிறோம். அவர்கள் பாவிக்கும் குளிரூட்டலை அளந்து காசு அறவிட வேண்டும் என்கிறது முகாமைத்துவம். கொழும்பிலிருந்து வந்த விலைமனுவில் ஒரே பிடியூ மீற்றருக்கு (குளிர்நீர் தரும் குளிரூட்டலை அளக்கும் கருவி), அது எண்ணை அனுப்பும் நெறிமுறையைப் பொறுத்து எம்-பஸ், மோட்பஸ், பக்நெட் என்று மூன்று விலை. எங்கள் பிஎம்எஸ் (கட்டட நிர்வாகக் கணினி) பக்நெட் ஐபியில், அதாவது கணினி வலையமைப்பு வழியான பக்நெட்டில், ஓடுகிறது. பக்நெட் மீற்றரையே எடுத்தால் சரிதானே?

பதில்: ஆறு கட்டடங்களுக்கும் எம்-பஸ் மீற்றரை எடுங்கள். சில்லர் அறையில் ஒரு கேட்வே (ஒரு நெறிமுறையை இன்னொன்றாக மாற்றும் பெட்டி) வைத்து, அதிலிருந்து பக்நெட் ஐபியாகப் பிஎம்எஸ்ஸுக்குள் கொண்டுபோங்கள். உங்கள் இடத்தில் இருந்தால் நான் இதைத்தான் செய்வேன்.

விலைமனுவில் "பக்நெட்" என்று எழுதியிருப்பது எந்த பக்நெட் என்று முதலில் கேளுங்கள். மீற்றருக்குள் செருகும் பக்நெட் மொடியூல்கள் பெரும்பாலும் எம்எஸ்டிபி வகை. அவை ஆர்எஸ்-485 என்ற இரு கம்பி இணைப்பில் ஓடுபவை. உங்கள் பிஎம்எஸ்ஸோ ஐபியில் ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு ரவுட்டர் வேண்டும். கூடுதல் விலை கொடுத்து வாங்கிய பிறகும் இடையில் ஒரு பெட்டி இருக்கத்தான் போகிறது. எம்எஸ்டிபியில் கருவிகள் டோக்கனை (பேசும் முறையை) கைமாற்றிக் கைமாற்றித்தான் பேசும். ஒரு மீற்றரை யாராவது நொடிக்கு 38,400 பிட்டுக்குப் பதிலாக 9,600 வேகத்தில் விட்டுவிட்டால் அந்த வரிசை முழுவதுமே தடுமாறும். அந்த வரிசையில் உங்கள் அறைகளின் ஏசி கொன்ட்ரோலர்களும் இருந்தால் விருந்தினர் முறைப்பாடு வரும்வரை உங்களுக்குத் தெரியாது.

இந்த மூன்றும் வெவ்வேறு தேவைக்காகப் பிறந்தவை. மோட்பஸ் 1979இல் மோடிகொன் நிறுவனம் தன் பிஎல்சி எனும் தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்காகக் கொண்டுவந்தது. பக்நெட் 1995இல் அமெரிக்காவின் ஆஷ்ரே என்ற குளிரூட்டல் பொறியியலாளர் சங்கம் வெளியிட்ட தரநிலை. கட்டட நிர்வாகம் முழுவதற்குமானது. எம்-பஸ் மீற்றர் வாசிப்பதற்காகவே ஐரோப்பாவில் உருவானது. இன்று ஈஎன் 13757 என்ற தரநிலையில் இருக்கிறது. பில் போடுகிறவருக்கு இந்த வேறுபாடு பெரிது. எம்-பஸ் மீற்றர் அனுப்பும் தகவலில் எண்ணோடு அலகும் வரும்: கிலோவாற்-மணியா, மெகாவாற்-மணியா, கன மீற்றரா என்று. மீற்றரின் தொடரிலக்கமும் வரும். பல மீற்றர்கள் மாத முடிவு வாசிப்பைத் தாமே சேமித்து வைத்து அதையும் தரும். மோட்பஸ்ஸில் வருவது வெறும் எண்தான்; அலகு, பெருக்கம் எல்லாம் தயாரிப்பாளர் தரும் அட்டவணைத் தாளில் இருக்கும். அந்தத் தாளைத் தவறாக வாசித்தால் உணவகக்காரருக்குப் பத்து மடங்கு பில் போகும்.

உங்கள் இடத்தில் இதைவிடப் பெரிய விஷயம், கட்டடங்கள் தனித்தனியாக நிற்பது. ஒவ்வொன்றுக்கும் தனி எர்த் ரொட் இருக்கும். கடற்கரை மணலில் மேல் மண் காய்ந்து கிடக்கும்போது எர்த் தடை ஒரு மாதிரி, மாரி மழை இறங்கிய பிறகு வேறு மாதிரி. இரண்டு கட்டடங்களின் எர்த்துக்கு இடையே சில வோல்ற் வித்தியாசம் வருவது சர்வசாதாரணம். ஆர்எஸ்-485 தாங்குவது எதிர் 7 இலிருந்து நேர் 12 வோல்ற் வரைதான். அதைத் தாண்டினால் முதலில் தொடர்பு விட்டு விட்டு வரும், பிறகு போர்ட்டே போய்விடும். தனிமைப்படுத்தப்பட்ட போர்ட் உள்ள மொடியூல் வாங்கினால் தப்பலாம்; ஆனால் விலைமனுவில் அது தானாக வராது, கேட்டு எழுத வைக்க வேண்டும்.

எம்-பஸ் வேறு வகையில் பேசுகிறது. மாஸ்டர் (மீற்றர்களைக் கேட்கும் பக்கம், இங்கே கேட்வே) கம்பியில் ஏறக்குறைய 36 வோல்ற் வைத்திருக்கும். பேசும்போது அதை 12 வோல்ற் குறைக்கும். மீற்றர் மின்னோட்டத்தால் பதில் சொல்லும்: சும்மா இருக்கையில் 1.5 மில்லியம்பியர், பதில் சொல்கையில் அதற்கு மேல் 11 முதல் 20 மில்லியம்பியர். மீற்றர் பக்கத்தில் எந்தக் கம்பியும் எர்த்தில் தொடாது. கம்பியை மாற்றிப் பூட்டினாலும் வேலை செய்யும். மாரிக்காலத்தில் ஈரமான பெட்டிக்குள் கையை விட்டு வயர் பூட்டும் எலக்ட்ரீஷியனுக்கு இதன் அருமை தெரியும். ஆர்எஸ்-485இல் போல முனைகளில் 120 ஓம் தடையும் வேண்டாம். சில்லர் அறையிலிருந்து ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனித்தனிக் கிளையாக இழுக்கலாம். ஆர்எஸ்-485இல் அப்படிக் கிளை விடக்கூடாது. ஒவ்வொரு கட்டடத்துக்குள்ளும் போய்த் திரும்பி வரும் ஒரே சங்கிலியாக இழுக்க வேண்டும். உங்கள் வளவில் அதற்கான கேபிள் நீளம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும்.

எம்-பஸ்ஸின் 2,400 போட் (நொடிக்கு 2,400 பிட்) வேகம் போதுமா என்று விற்பனையாளர் பயமுறுத்தக்கூடும். கணக்குப் பாருங்கள். ஒரு மீற்றரின் பதில் 200 பைட் என்றால், பைட்டுக்கு 11 பிட் வீதம் 2,200 பிட். ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். ஆறு மீற்றரையும் பத்துப் பதினைந்து நொடியில் வாசித்துவிடலாம். உங்களுக்குத் தேவை 15 நிமிடத்துக்கு ஒரு வாசிப்பு. ஆறு மீற்றருக்கும் சேர்த்து நிற்கும் மின்னோட்டம் வெறும் 9 மில்லியம்பியர், 0.8 மில்லிமீற்றர் சோடிக் கம்பி உள்ள தொலைபேசிக் கேபிளில் 300 மீற்றர் தூரம் ஒரு பொருட்டே இல்லை.

இடி வேறு கதை. சித்திரையிலும் ஐப்பசியிலும் நம் பக்கத்து இடிமழைக்கு எந்த நெறிமுறையும் தப்பாது. கட்டடங்களுக்கிடையே போகும் ஒவ்வொரு கேபிளுக்கும் இரு முனையிலும் சேர்ஜ் புரொடெக்டர் (மின்வீச்சுக் காப்பு) போடுங்கள். கேபிளின் மேலுறையை சில்லர் அறைப் பக்கத்தில் மட்டும் எர்த் பண்ணுங்கள். காசு இடம் கொடுத்தால் கடைசிக் கட்டடத்துக்கு ஃபைபர் இழுப்பது இன்னும் நல்லது.

ஒரு விதிவிலக்கு. சில்லர் அறைக்குள்ளேயே இருக்கும் பிரதான மீற்றருக்கு மோட்பஸ் எடுக்கலாம். அதன் ஓட்டத்தையும் வெப்பநிலையையும் சில நொடிக்கு ஒருதரம் பார்த்துத்தான் பம்பையும் சில்லரையும் கட்டுப்படுத்துவீர்கள். அதற்கு மெயின் மின்சாரத்தில் ஓடும் மீற்றராக எடுங்கள். பற்றரி மீற்றரை அப்படி ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தால் பற்றரி ஆயுள் குறையும். வயரில்லா எம்-பஸ்ஸை நான் பரிந்துரைக்கவில்லை. அதன் 868 மெகாஹேர்ட்ஸ் ஐரோப்பிய அலைவரிசை; இங்கே கொண்டுவர முன்பு தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் கேட்க வேண்டும். கொங்கிரீட் குழிக்குள் இருக்கும் மீற்றரிலிருந்து சிக்னல் வெளியே வருவதும் பாடு.

இனி பில் கணக்கு. ஓட்டத்தையும் இரண்டு வெப்பநிலைகளையும் வாங்கிப் பிஎம்எஸ்ஸிலேயே கிலோவாற்-மணி கணக்கிடலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். நொடிக்கு 2 லீற்றர் நீர் 7 பாகையில் போய் 12 பாகையில் திரும்பினால் 4.19 × 2 × 5, அதாவது ஏறக்குறைய 42 கிலோவாற், 12 குளிரூட்டல் டொன். இந்தப் பெருக்கலை மீற்றர் தானே சில நொடிக்கு ஒருதரம் செய்து கூட்டிக்கொண்டே போகிறது. பிஎம்எஸ் 15 நிமிடத்துக்கு ஒருதரம் செய்தால் இடையில் நடந்தது எதுவும் கணக்கில் வராது. தொடர்பு அரைநாள் அறுந்தால் அரைநாள் பில்லும் போச்சு. மீற்றரின் கூட்டுத்தொகை ரெஜிஸ்டரை (மொத்தத்தைச் சேமிக்கும் இடத்தை) வாசியுங்கள். தொடர்பு திரும்பியதும் சரியான எண் அங்கே காத்திருக்கும். விடுதியின் மின்சாரக் கட்டணம் உங்களுக்கு நேர வகைப்படி வருகிறதென்றால், கட்டணம் மாறும் 18:30, 22:30, 5:30 ஆகிய நேரங்களில் கட்டாயம் ஒரு வாசிப்பைப் பதியுங்கள். இரவுச் சாப்பாட்டு நேரத்து உணவகம் உச்ச நேரக் கட்டணத்தில்தான் ஓடுகிறது. அதை ஸ்பாவின் தலையில் கட்டுவது நியாயமில்லை.

எந்த ரெஜிஸ்டர் என்பதும் முக்கியம். இந்த மீற்றர்களில் பெரும்பாலானவை குளிர்நாட்டு வெப்ப விநியோகத்துக்காகச் செய்யப்பட்டவை. வெப்பத்துக்கு ஒரு ரெஜிஸ்டர், குளிருக்கு வேறொன்று. வெப்பத்துக்கு மட்டும் அமைத்த மீற்றரை இங்கே பூட்டினால், போகும் நீர் திரும்பும் நீரைவிடக் குளிராக இருப்பதால் காட்டி பூச்சியத்திலேயே நிற்கும். மீற்றர் பழுதென்று திருப்பி அனுப்பாதீர்கள். ஓர்டரிலேயே குளிர்நீருக்கானது என்றும், ஓட்ட உணரி போகும் குழாயிலா திரும்பும் குழாயிலா என்றும் எழுதிக் கொடுங்கள். அந்தத் தெரிவு கணக்கையே மாற்றும்.

கேட்வேயில் வரும் சிக்கல் ஒன்று. மோட்பஸ் வழியாக வந்தால் பெரிய எண்கள் 16 பிட் கொண்ட இரு துண்டுகளாக வரும். 70,000 என்ற வாசிப்பு 1 என்றும் 4,464 என்றும் பிரிந்து வரும். சேர்க்கும்போது முதல் துண்டை 65,536ஆல் பெருக்க வேண்டும். ஒரு துண்டை மட்டும் எடுத்தால் 4,464 தெரியும். துண்டுகளை மாற்றிச் சேர்த்தால் 29,25,52,705 தெரியும். 65,535 வரை ஒழுங்காக ஏறிப் பிறகு பூச்சியத்துக்கு விழும் மீற்றர் இருந்தால் அதன் காரணமும் இதுவே.

முகவரி விஷயத்தில், எம்-பஸ் முதன்மை முகவரி 1 முதல் 250 வரை. தொழிற்சாலையிலிருந்து ஒரே எண்ணோடு வந்த இரண்டு மீற்றர்கள் ஒரே நேரத்தில் பதில் சொல்லிக் குழம்பும். ஒவ்வொன்றையும் தனியே இணைத்து, கட்டட இலக்கத்தையே முகவரியாக வையுங்கள். தொடரிலக்கத்தைப் புத்தகத்தில் குறித்து வைத்தால் மீற்றர் மாற்றும்போது பழைய முகவரியையே புதியதற்குக் கொடுக்கலாம், பிஎம்எஸ்ஸில் கை வைக்க வேண்டியதில்லை.

மீற்றரின் கணிப்புப் பெட்டியைக் குழாயில் பூட்ட விடாதீர்கள். கடற்கரைக் காற்றின் ஈரத்தில் 12 பாகைக் குழாய் எப்போதும் வியர்க்கும். உப்பும் சேர்ந்தால் டெர்மினல் பச்சை பிடிக்கும். சுவரில், குழாயை விட உயரத்தில், மூடிய பெட்டிக்குள் வையுங்கள். வயர் எட்டவில்லை என்று இருகம்பி வெப்ப உணரியின் வயரை வெட்டி ஒட்டவும் விடாதீர்கள். அவை சோடியாகப் பொருத்தி அளவு பார்க்கப்பட்டவை. 5 பாகை வித்தியாசத்தில் 0.2 பாகை பிழை வந்தாலே பில்லில் 4 வீதம்.

கடைசிக் கொடுப்பனவைக் கொடுக்க முன்பு, ஆறு மீற்றர்களின் காட்டியையும் கைபேசியில் படம் எடுத்து, அதே நிமிடத்துப் பிஎம்எஸ் எண்ணோடு ஒப்பிடுங்கள். பிறகு எம்-பஸ் கேபிளைக் கழற்றி ஒரு மணித்தியாலம் விட்டு மீண்டும் பூட்டுங்கள். இரண்டு எண்ணும் மறுபடி ஒன்றாக வந்தால் கையெழுத்து வையுங்கள்.