முதுகு வலிக்கு எந்த டாக்டரிடம் போவது?

கேள்வி: எனக்கு வயது 68. நாலு மாதத்துக்கு முன் தண்ணீர் வாளியைத் தூக்கும்போது நடு முதுகில் சுரீர் என்றது. அன்றிலிருந்து வலி. ‘வயசானா வரத்தான் செய்யும்’ என்கிறார்கள் வீட்டில். கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுச் சமாளிக்கிறேன். இப்போதெல்லாம் சமையலறை மேல் அலமாரிகூட எட்டுவதில்லை. எலும்பு டாக்டரிடம் போவதா, நரம்பு டாக்டரிடமா?

பதில்: அம்மா, நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்த அலமாரி வரியைத்தான் இரண்டு முறை படித்தேன். முதலில் சுவரோடு ஒட்டி நின்று யாரையாவது உயரத்தை அளக்கச் சொல்லுங்கள். இளவயதில் இருந்ததைவிட 4 செ.மீ. அளவுக்குக் குறைந்திருந்தால், முதுகெலும்புக் கட்டை ஒன்று நசுங்கியிருக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறையும். அப்படி வலுவிழந்த எலும்பு, விழாமலேயே, ஒரு வாளியைத் தூக்கினாலே நசுங்கிவிடும். (இதையும் மூட்டுத் தேய்மானத்தையும் சேர்த்து ‘எலும்புத் தேய்மானம்’ என்று சொல்லிவிடுகிறோம். இரண்டும் வேறு, வைத்தியமும் வேறு.)

சரி, யாரிடம் போவது? உங்களை வழக்கமாகப் பார்க்கும் பொது மருத்துவரே போதும். இந்த வாரமே போங்கள். முதுகுக்கு ஓர் எக்ஸ்ரே, எலும்பு அடர்த்திக்கு டெக்சா ஸ்கேன், சில ரத்தப் பரிசோதனைகள் எழுதித் தருவார். டெக்சாவில் டி ஸ்கோர் (இளவயதினரின் எலும்பு அடர்த்தியோடு உங்களுடையதை ஒப்பிட்டுச் சொல்லும் எண்) மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்பை வலுப்படுத்தும் மருந்து தேவைப்படும். எலும்பு மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ வேண்டுமா என்று அவரே சொல்வார். எக்ஸ்ரே பார்க்கும்வரை முதுகை மிதிக்கவோ, சொடுக்கு எடுக்கவோ யாரையும் விடாதீர்கள். அதற்காகப் படுத்தே கிடக்கவும் வேண்டாம். வீட்டுக்குள் மெதுவாக நடமாடுங்கள், வாளியை மட்டும் தொடாதீர்கள்.

என் அறைக்கு வரும் வயதான பெண்கள் பலர் ‘லேசா வலிக்குது’ என்று ஆரம்பித்து அதோடு நிறுத்திவிடுவார்கள். எழுந்து கதவுவரை போன பிறகுதான், ‘அப்புறம் டாக்டர், ராத்திரி வலியில தூக்கமே இல்ல’ என்பார்கள். எனக்கு முதலில் வேண்டியதே அந்தக் கடைசி வரிதான்! அதனால் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: வலி இரவில் எழுப்புகிறதா, காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா, முன்பு புற்றுநோய் வந்ததா, ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டதுண்டா. சிறுநீர் கசிவதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். திடீரெனச் சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, அடக்க முடியாமல் போனாலோ, தொடை இடுக்கு மரத்தாலோ, கால் வலுவிழந்தாலோ, வாரம் முடியக் காத்திருக்காமல் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

கடை மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள். இந்த வயதில் பல வலி மாத்திரைகள் வயிற்றில் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். மருத்துவரைப் பார்க்கும்வரை தாங்க முடியாவிட்டால் பாராசிட்டமால் போடலாம், கல்லீரல் கோளாறு இல்லையென்றால். இதுவரை போட்ட மாத்திரையின் அட்டையைக் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.