ஆயா போட்ட வடகம்

கேள்வி: ஆயாவின் மீன்குழம்பு வாசனைக்காகத் தாளிப்பு வடகம் போட்டேன். உள்ளே பூசணம் பூத்துவிட்டதே, ஏன்?
– வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: உருண்டை பெரிதாகியிருக்கும், மேலே காய்ந்து நடுவில் ஈரம் நின்றுவிடும். எலுமிச்சை அளவு போதும். 1 கிலோ சின்ன வெங்காயத்துக்குப் பூண்டு 200 கிராம், ஊறிய உளுந்து 100, கடுகு, சீரகம் தலா 50, வெந்தயம் 25, மஞ்சள்தூள், கல்லுப்பு, கறிவேப்பிலை. வெங்காயத்தை ஒன்றிரண்டாக இடியுங்கள். மிக்ஸியில் விழுதானால் நீர் விட்டுக்கொண்டு லேசில் காயாது. எல்லாவற்றையும் கலந்து ஓரிரவு மூடிவைத்து, மறுநாள் உருட்டிக் காயவையுங்கள். மூன்றாம் நாள் உதிர்த்து, விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து மறுபடி உருட்டுங்கள். பத்து நாள் சித்திரை வெயில் வேண்டும். புதுச்சேரியிலிருந்து பிரான்ஸ் வரை ‘வடுவான்’ மசாலா என்ற பெயரில் போன வாசனை இது! தாளிக்கும்போது நல்லெண்ணெய், சிறுதீ. கருகினால் வெந்தயம் கசந்து ஆயாவின் மணம் போய்விடும். வெளியூர்ப் பிள்ளைகளுக்கும் நாலு உருண்டை கொடுத்தனுப்புங்கள், ஈரக்கை படாமல்.