பேஸ் வாசித்துக்கொண்டே பாட: விரலையும் குரலையும் எங்கே சேர்ப்பது?

கேள்வி: எங்கள் பேண்டில் கிட்டார், டிரம்ஸ், பேஸ் (தாழ்ந்த ஸ்வரங்களுக்கான கிட்டார்) என்று மூன்று பேர்தான் மிச்சம். பாடிக்கொண்டிருந்த நண்பர் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டார். இனி பேஸ் வாசிக்கும் நான்தான் பாட வேண்டும். சாதாரண கிட்டாரில் கார்டு (சேர்ந்தொலிக்கும் சில ஸ்வரங்கள்) அடித்துக்கொண்டே சுலபமாகப் பாடிவிடுவேன். பேஸை எடுத்தால் மட்டும் பாட்டு போகிற பக்கமே விரலும் போகிறது. விரலைக் கவனித்தால் சுருதி விலகுகிறது. பயிற்சியில் இது சரியாகுமா? இரண்டு மாதத்தில் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது.

பதில்: சரியாகும். கிட்டாரில் வருகிறது, பேஸில் வரவில்லை என்கிறீர்களே, காரணம் அதிலேயே இருக்கிறது. கார்டு அடிக்கும்போது வலது கை மேலும் கீழுமாக ஒரே ஓட்டத்தில் போய்க்கொண்டிருக்கும். அதன் மேல் பாட்டு வசதியாக உட்கார்ந்துகொள்ளும். பாடுகிற ஸ்வரம் பெரும்பாலும் அந்தக் கார்டுக்குள்ளேயே இருப்பதால், கிட்டாரே சுருதியும் எடுத்துக் கொடுத்துவிடும். பேஸுக்கோ தனி மெட்டு, தனி நடை. பாட்டு இழுத்து நிற்கிற இடத்தில் அது நகரும். பாட்டு ஓடுகிற இடத்தில் சும்மா இருக்கும்.

"பேஸைத் தூக்கத்திலும் வாசிக்கிற அளவுக்குப் பழகு, பாட்டு தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். முதல் பாதி சரி. பேஸ் லைனை, அதாவது அந்தப் பாட்டுக்கு பேஸ் வாசிக்கிற பகுதியை, வாசித்தபடியே பக்கத்தில் இருப்பவரோடு சாதாரணமாகப் பேச முடிய வேண்டும். அது வராத வரை பாட ஆரம்பிக்காதீர்கள். ஆனால் தானாக ஒட்டிக்கொள்ளும் என்பதை நான் ஏற்கமாட்டேன். தனித்தனியாக நன்றாகத் தெரிந்த இரண்டு விஷயங்கள் சேர்கிற இடத்தில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். எந்த எழுத்து எந்தத் தட்டில் விழுகிறது, அப்போது விரல் என்ன செய்கிறது என்பதை ஒரே தாளக்கட்டாகப் படிக்க வேண்டும்.

ஒரு பார், அதாவது தாளத்தின் ஒரு சுற்று, எடுத்துச் செய்து பார்ப்போம். நான்கு பீட், ஒவ்வொன்றுக்கும் இரண்டு தட்டு, மொத்தம் எட்டு. 'தக திமி தக ஜுணு' என்று சொன்னால் எட்டும் வந்துவிடும். ராக் அண்ட் ரோலிலும் லத்தீன் இசையிலும் நிறையப் புழங்குகிற 3-3-2 நடையை பேஸில் வையுங்கள்: 1, 4, 7 ஆகிய தட்டுகளில் மட்டும் விரல் மீட்டும். இதன் மேல் 'மழை வந்த நேரம்' என்று ஒரு வரி, முதல் தட்டை விட்டு இரண்டாவதில் எடுப்பு. ம 2, ழை 3, வந் 4, த 5, நே 6, அதை 7 வரை இழுத்து, ரம் 8.

இப்போது பாருங்கள். 1-இல் பேஸ் தனியாக விழுகிறது. 2, 3 இரண்டும் குரலுக்கு மட்டும். 4-இல், 'வந்' என்கிற இடத்தில், இரண்டும் சேர்கின்றன. இந்த பாரில் சேர்கிற இடம் அது ஒன்றுதான். சிக்கல் 7-இல் வரும். விரல் மீட்டுகிறது, குரல் இன்னும் 'நே' என்று இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். விரல் அசைந்ததுமே வாயும் அசைய நினைத்து, 'ரம்' ஒரு தட்டு முந்தி விழுந்துவிடும். 'விரல் பாட்டின் பின்னால் போகிறது' என்று நீங்கள் எழுதியிருப்பதும் இதேதான், திசைதான் வேறு. இடம் தெரிந்துவிட்டால் பயிற்சி முழு பாட்டுக்குத் தேவையில்லை, அந்த 6-7-8-க்கு மட்டும் போதும். மெட்ரோனோமை (சீராகத் தட்டிக்கொடுக்கும் கருவி) நிமிடத்துக்கு 60 பீட்டில் வைத்து அந்த மூன்று தட்டை மட்டும் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். முதலில் ராகமே வேண்டாம், வார்த்தையைப் பேச்சாகச் சொன்னால் போதும். பேஸையும் கீழே வைத்துவிட்டு, தொடையில் 1-4-7 தட்டிக்கொண்டே சொல்லிப் பாருங்கள். அது பிசகாமல் வந்த பிறகு பேஸ், அப்புறம் ராகம்.

இந்த வேலை நடக்கும்போது கால் பீட்டைத் தட்டிக்கொண்டே இருக்கட்டும். குரல் கையைப் பார்த்து, கை குரலைப் பார்த்து ஓடும்போதுதான் இரண்டும் ஆடிப்போகின்றன. இரண்டுமே காலைப் பார்க்கட்டும். கர்நாடக சங்கீதம் கொஞ்சமாவது கற்றவராக இருந்தால் கையில் தாளம் போட்டுக்கொண்டு, சமத்தில் (தாளத்தின் முதல் தட்டில்) எடுக்காத கீர்த்தனையைப் பாடிய பழக்கம் உங்களுக்கு இருக்கும். அது இங்கே அப்படியே உதவும்.

சுருதி விஷயத்துக்கு வருகிறேன். இதற்குப் பலரும் போதிய கவனம் கொடுப்பதில்லை. தம்பூராவோடு பாடினால் கீழே ஆதார சுருதி அசையாமல் நிற்கும். பேஸில் அடித்தளமே நகர்ந்துகொண்டிருக்கும், அதை நகர்த்துகிற ஆளும் நீங்கள்தான். ஒரு பயிற்சி சொல்கிறேன். 'ஜி' ஸ்வரத்தைக் குரலில் பிடித்துக்கொள்ளுங்கள். விடாமல் அதே ஸ்வரத்தில் நின்றுகொண்டு, பேஸில் முதலில் ஏ தந்தியின் 3-வது ஃப்ரெட்டில் (கழுத்தில் தந்தியை அழுத்துகிற கட்டம்) 'சி', அடுத்து நான்காவது தந்தியைத் திறந்த நிலையில் (எங்கும் அழுத்தாமல்) 'ஈ', அதே தந்தியின் 1-வது ஃப்ரெட்டில் 'எஃப்' என்று மாற்றுங்கள். குரல் அசையவே இல்லை, ஆனால் 'சி'-க்கு அது பஞ்சமம், 'ஈ'-க்கு சாதாரண காந்தாரம், 'எஃப்'-க்கு சதுஸ்ருதி ரிஷபம். கடைசி மாற்றத்தில் குரல் 'எஃப்' பக்கம் வழுக்கப் பார்க்கும். வழுக்காமல் நிற்கப் பழகிவிட்டால் பாட்டில் சுருதி விலகுவது பெருமளவு நின்றுவிடும்.

இன்னொன்று, மேடையில் பேஸை நம்பிச் சுருதி பிடிக்காதீர்கள். நான்காவது தந்தியின் திறந்த ஒலி சுமார் 41 ஹெர்ட்ஸ்தான். சின்ன ஆம்ப்பில் அந்த அடிநாதம் சரியாகவே வராது. பெரிய மேடையிலோ எல்லாம் சேர்ந்து முழங்குகிற இரைச்சலாகக் கேட்கும். உங்கள் மானிட்டரில் (மேடையில் உங்களுக்குக் கேட்க வைக்கும் ஸ்பீக்கர்) கிட்டாரைக் கூட்டி வைக்கச் சொல்லி, அதிலிருந்து சுருதி எடுங்கள்.

லைனை எளிதாக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: தாராளமாகச் செய்யுங்கள். வரி ஓடும்போது ரூட் நோட்டை (கார்டின் ஆதார ஸ்வரம்) பிடித்து நிற்பது, வரி முடிந்து மூச்சு வாங்குகிற இடத்தில் ஃபில் (இடைவெளியை நிரப்பும் சின்ன வாசிப்பு) போடுவது. பாட்டுக்கும் இதுதான் நல்லது, கேட்பவர் காது வார்த்தையில் இருக்கும்போது பேஸ் குறுக்கே வரத் தேவையில்லை. பேஸ் வாசித்துப் பாடிய பால் மெக்கார்ட்னியின் பின்னாளைய பீட்டில்ஸ் பேண்ட் பதிவுகளைக் கேட்டு மலைத்துப்போகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். 1966 ஆகஸ்டில் அவர்கள் மேடைக் கச்சேரிகளை நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு ஸ்டூடியோவில் பல பாடல்களுக்கு பேஸ் தனி ட்ராக்கில், மற்றவை முடிந்த பின்னால் வாசிக்கப்பட்டது. அந்த லைன்களைப் பாடிக்கொண்டே வாசிப்பதற்காக அவர் அப்போது அமைக்கவில்லை. உங்களைப் போல மூன்று பேர் பேண்டில் பேஸும் பாட்டும் ஒருவரே என்றால் க்ரீம் பேண்டின் ஜாக் புரூஸ், போலீஸ் பேண்டின் ஸ்டிங், கனடாவின் ரஷ் பேண்டின் கெடி லீ மூவரின் மேடைப் பதிவுகளையும் பாருங்கள். லீ இவற்றோடு கால் பெடலிலும் வாசிப்பார், அதைப் பார்த்து பயப்பட வேண்டாம். ஸ்டிங்கிடமிருந்து தொடங்குங்கள். எத்தனை இடங்களில் அவர் வாசிக்காமல் விடுகிறார் என்று எண்ணிப் பார்த்தால் நான் சொல்வது புரியும்.

உடம்பு பற்றிக் கொஞ்சம். பேஸின் ஸ்கேல், அதாவது ஒலிக்கிற தந்தியின் நீளம், வழக்கமாக 34 அங்குலம். இடது கை அவ்வளவு தூரம் ஓடினால் கண் ஃப்ரெட் பக்கம் போகும், தலை திரும்பும், வாய் மைக்கை விட்டு விலகும். அதனால் பாடுகிற பகுதி முழுவதையும் ஒரே நான்கைந்து ஃப்ரெட்டுக்குள் வாசிக்கிற மாதிரி விரல் இடங்களை மாற்றி அமையுங்கள். ஸ்ட்ராப்பைக் கொஞ்சம் ஏற்றிக் கட்டுங்கள். நீங்கள் வலது கைக்காரர் என்றால் பூம் ஸ்டாண்டை (குறுக்குக் கை உள்ள மைக் ஸ்டாண்ட்) வலது பக்கம் வைத்து, மைக் அங்கிருந்து வாய்க்கு வருகிற மாதிரி வையுங்கள். பேஸின் கழுத்து ஸ்டாண்டில் இடிக்காது. கடினமான இடங்களில் மூச்சைப் பிடித்துக்கொள்கிறீர்களா என்று போனில் வீடியோ எடுத்துப் பாருங்கள். நிறையப் பேர் தெரியாமலே செய்கிறார்கள், அடுத்த வரி மூச்சில்லாமல் ஆரம்பிக்கும்.

இரண்டு மாதத்தில் ஒரு முழு நிகழ்ச்சிக்கான பாடல்களையும் இப்படித் தயார் செய்ய முடியாது என்றே நினைக்கிறேன். நான்கு பாட்டை மட்டும் முறையாகப் பிரித்துப் படியுங்கள். மற்றவற்றில் பாடும் இடம் முழுக்க ரூட் நோட்டோடு நில்லுங்கள். அப்போது லைன் மெலிகிற இடத்தை நிரப்ப வேண்டியவர் டிரம்ஸ் வாசிப்பவர். அதனால் எந்த பாரில் எதை விடப்போகிறீர்கள் என்று முதல் ஒத்திகையிலேயே அவருக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.