ஒரு ஸ்கேனில் 4, இன்னொன்றில் 21: எதை நம்புவது?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 26. ஊர் வாடிப்பட்டி பக்கம். பத்து வருடமாகக் கபடி ஆடுகிறேன். இரண்டு வருடத்தில் மூன்று தடவை தலையில் அடி. கடைசித் தடவை, பிடிக்க வந்தவரின் முழங்கால் பொட்டில் பட்டு ஒரு நிமிடம் போல நினைவே இல்லை. அது நடந்து இரண்டு மாதம் ஆகிறது. அதிலிருந்து தலைவலி, ஆட்கள் பெயர் சட்டென்று வருவதில்லை. மதுரையில் எம்ஆர்ஐ எடுத்தோம். ரிப்போர்ட்டில் இயல்பு என்றுதான் இருக்கிறது, ஆனால் கூடவே கம்ப்யூட்டர் அளந்த தாள் ஒன்று தந்தார்கள். அதில் இடது ஹிப்போகேம்பஸ் 4-ஆவது பெர்சென்டைல் என்று சிவப்பில் போட்டிருந்தது. பயந்துபோய் மூன்று வாரம் கழித்து வேறு சென்டரில் எடுத்தால் 21 என்கிறார்கள். எது சரி? மூளை சுருங்கிவிட்டதா? பொங்கலுக்கு ஊரில் போட்டி இருக்கிறது, இறங்கலாமா?

பதில்: தம்பி, மூன்று வாரத்தில் உங்கள் மூளை வளர்ந்துவிடவில்லை, அது நிச்சயம். மாறியது அளவுகோல்.

எம்ஆர்ஐ படம், பக்கத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் உள்ள குட்டிக் குட்டிக் கட்டங்களால் ஆனது. கம்ப்யூட்டர் ஒவ்வொரு கட்டத்துக்கும் இது இன்ன பகுதி என்று பெயர் வைத்து, கடைசியில் எண்ணிக் கூட்டுகிறது. ஹிப்போகேம்பஸ் என்பது புது நினைவைப் பதியவைக்கும் இடம், பொட்டுக்கு உள்பக்கம் ஆளுக்கு இரண்டு, ஒவ்வொன்றும் சுண்டுவிரல் அளவு. அதை 4 சென்டிமீட்டர் நீளமும் 1 சென்டிமீட்டர் கனமும் உள்ள உருளை என்று வைத்துக்கொண்டால் கொள்ளளவு சுமார் 3.1 கன சென்டிமீட்டர். ஓரக்கோட்டைச் சுற்றிலும் வெறும் அரை மில்லிமீட்டர் உள்ளே தள்ளிப் போட்டால் அது 2.5 ஆகிவிடும். அரைக் கட்டம் பிசகினால் ஐந்தில் ஒரு பங்கு மாயம்!

கோடு பிசக ஆயிரம் காரணம். ஒரு இடத்தில் 1.5 டெஸ்லா மெஷின், இன்னொரு இடத்தில் 3 டெஸ்லா (டெஸ்லா என்பது மெஷினின் காந்த பலத்தின் அளவு). படம் எடுக்கும் முறை வேறு, மென்பொருள் வேறு. நீங்கள் தலைவலியோடு உள்ளே படுத்திருந்தபோது லேசாக அசைந்திருந்தாலும் போதும், படத்தைப் பார்க்கும் நமக்கு ஒன்றும் தெரியாது, கம்ப்யூட்டர் மூளையின் மேல்பட்டையை நிஜத்தைவிட மெலிதாக அளந்துவிடும். 2012-இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரத்து ஆய்வாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். ஆராய்ச்சியில் அதிகம் பயன்படும் ஃப்ரீசர்ஃபர் என்ற மென்பொருளில், அதே படங்களை, பதிப்பை மட்டும் மாற்றி ஓட்டினார்கள். கொள்ளளவுகள் சராசரியாக 8.8 சதவீதம் மாறின. ஆளும் அதே ஆள், படமும் அதே படம். பூக்கடையில் முழம் போடுகிற அம்மா மாறினால் முழம் மாறும் இல்லையா, அதுபோலத்தான் இதுவும்.

அடுத்து அந்தச் சிவப்பு. 4-ஆவது பெர்சென்டைல் என்றால் உங்கள் வயதுள்ள, நோயில்லாத 100 பேரில் சுமார் 4 பேருக்கு இதைவிடச் சிறியதாக இருக்கும் என்று பொருள். அந்த 4 பேரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். தாளில் 20 பகுதிகளை அளந்து, ஒவ்வொன்றிலும் 5-க்குக் கீழே போனால் சிவப்பு என்று வைத்தால், அவை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை என்று எடுத்துக்கொண்டால், அடியே படாத ஆளுக்கும் ஒரு சிவப்பாவது விழ 64 சதவீத வாய்ப்பு. அதோடு, ஒப்பிட எடுத்த அந்த நூறு பேர் பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய ஆட்கள், வாடிப்பட்டிக்காரர்கள் இல்லை. அடி படுவதற்கு முந்தைய ஸ்கேன் உங்களிடம் இருந்தால் கதை வேறு, அது இல்லாமல் சுருங்கியது என்ற சொல்லையே பயன்படுத்தக் கூடாது. பிறவியிலேயே சிறியதாக இருந்திருக்கலாம்.

அப்படியானால் இந்த அளவெல்லாம் குப்பையா? இல்லை. லாஸ் வேகாஸில் 2011 முதல் தொழில்முறைச் சண்டை வீரர்களை வருடாவருடம் ஸ்கேன் எடுத்துத் தொடர்ந்து பார்க்கிறார்கள். அதிகச் சண்டை போட்டவர்களுக்குத் தலாமஸ், காடேட் என்ற உள்பகுதிகள் சிறுத்திருப்பது இதே மாதிரி கம்ப்யூட்டர் அளவில்தான் தெரிந்தது. நூற்றுக்கணக்கானவர்களைச் சேர்த்துப் பார்க்கும்போது ஆளுக்கு ஆள் வரும் பிசகு ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொண்டு உண்மை மேலே வரும். ஒரே ஆளின் ஒரே தாளில் அது நடக்காது.

தலையில் அடிபட்டவர்களிடம் இன்னொரு வம்பும் உண்டு. இந்த மென்பொருள்கள் பெரும்பாலும் காயமில்லாத மூளைகளைப் பார்த்துப் பழகியவை. ஒரு மாடுபிடி வீரரின் தாளைப் பார்த்தேன், நெற்றிப்பக்கம் பழைய காயம் ஆறிய இடத்தைக் கம்ப்யூட்டர் மூளையைச் சுற்றியுள்ள நீர் என்று ஒதுக்கிவிட்டிருந்தது. கம்ப்யூட்டர் தான் பிரித்த பகுதிகளுக்கு நிறம் பூசிக் காட்டும் படத்தைத் திறந்து பார்த்தால்தான் தெரிந்தது, எண்ணில் தெரியவே தெரியாது. நீங்களும் அந்த நிறப் படத்தைக் கேட்டு வாங்குங்கள், கோடு சரியாக விழுந்திருக்கிறதா என்று ரேடியாலஜிஸ்ட் கண்ணால் பார்த்துச் சொல்லட்டும். எஸ்டபிள்யூஐ என்ற படம் எடுத்தார்களா என்றும் கேளுங்கள். சின்னச் சின்ன ரத்தக்கசிவின் தடம் இருந்தால் அதில்தான் கரும்புள்ளியாகத் தெரியும். உங்கள் விஷயத்தில் இந்தப் பெர்சென்டைலைவிட அது எனக்கு முக்கியம்.

சரி, பொங்கல் போட்டிக்கு வருவோம். நீங்கள் கேட்க நினைத்ததே இதுதான் என்று தோன்றுகிறது. 21 சரி என்று நான் எழுதிவிட்டால் இறங்கிவிடுவீர்கள். இறங்காதீர்கள். 21 இல்லை, 60 என்று வந்திருந்தாலும் இதைத்தான் சொல்வேன். தலை அதிர்ச்சியில் ஸ்கேன் இயல்பாக இருப்பதுதான் வழக்கம், பாதிப்பு நரம்பு இழைகள் வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது, அது இந்தப் படத்தில் விழாது. இரண்டு மாதம் கழித்தும் தலைவலி, மறதி என்கிறீர்களே, அந்த ஒரு வரி இரண்டு ஸ்கேனையும்விடக் கனமானது. தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டு ரைடு போவதும் கூடாது, மாத்திரை வலியை மறைக்கும், அவ்வளவுதான்.

ஒரு நரம்பியல் மருத்துவரிடம் நினைவாற்றல், கவனம், நடை, கண் அசைவு எல்லாவற்றையும் சோதித்துக்கொள்ளுங்கள். தூக்கம் எப்படி என்பதையும் சொல்லுங்கள், பாதி மறதி அங்கிருந்துதான் வரும். தொந்தரவு அடங்கியபின் முதலில் நடை, பிறகு ஓட்டம், பிறகு ஆள்மேல் படாத பயிற்சி, ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். மருத்துவர் சரி என்று சொன்ன பிறகுதான் பிடி ஆட்டம். நடுவில் தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, தொடர்ந்து வாந்தி, வலிப்பு, குளறல் என்று வந்தாலோ யாருக்கும் எழுதிக் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள், நேரே பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இனி இன்னொரு ஸ்கேன் எடுப்பதாக இருந்தால் ஒரு வருடம் கழித்து, இரண்டில் ஏதாவது ஒரு சென்டரில், அதே மெஷினில், அதே மென்பொருளில் எடுங்கள். போகும்போது பழைய ஸ்கேன் பதிந்த சிடி தட்டைக் கொண்டுபோங்கள், ஃபிலிமை வைத்து அளக்க முடியாது.