தோழி அழைக்கிறாள், போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 39. மலேசியாவில் சுங்கை சிப்புட் அருகே ஒரு தோட்டத்தில் பிறந்தேன். இப்போது பட்டணத்துத் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வாடகைக்கு இருக்கிறேன். கணவர் வேறொரு பெண்ணோடு போய் மூன்று ஆண்டுகள் ஆகின்றன, இருக்குமிடமே தெரியாது. பிள்ளைகள் இல்லை. துணையாக இருந்த அம்மாவும் சென்ற ஆண்டு காலமானார். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பக்கத்து வீட்டில் என்னோடு வளர்ந்த தோழி, கணவரை இழந்தபின் சிங்கப்பூர் சென்று உணவகச் சமையற்கட்டில் வேலை செய்கிறாள். "சும்மா பார்க்க வருவதுபோல் வா, என் அறையிலேயே தங்கு, வேலையில் சேர்ந்த பிறகு பெர்மிட் எடுத்துக்கொள்ளலாம்" என்கிறாள். "வாழாவெட்டியும் விதவையும் சேர்ந்து குடித்தனமா?" என்று அண்ணி கேட்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அண்ணியின் கேள்வியை முதலில் ஒதுக்கிவிடலாம், சகோதரி. விடியுமுன்னே ரப்பர்ப் பால் வெட்டப் போன பெண்கள், தம் பிள்ளைகளை ஆயாக்கொட்டகையிலும் அடுத்த வீட்டுக்காரியின் பொறுப்பிலும் விட்டுத்தானே குடும்பத்தைக் காப்பாற்றினார்கள்? பெண்ணுக்குப் பெண் துணை நின்றதை அன்று எந்த லயமும் ஏளனமாகப் பேசியிருக்காது. போகலாம் என்பதே என் கருத்து. ஆனால் தோழி சொல்லும் வழியில் போக வேண்டாம்.

அவருடைய அன்பில் எனக்குச் சந்தேகமில்லை, யோசனைதான் தவறு. பார்வையாளராக நுழைந்து வேலை செய்வது சிங்கப்பூரில் குற்றம்; பிடிபட்டால் உங்களோடு முதலாளியும் சிக்குவார், உங்களை அழைத்த தோழியின் பிழைப்பும் ஆட்டம் காணும். வேலை அனுமதிக்கு முதலாளிதான் அங்குள்ள மனிதவள அமைச்சிடம் விண்ணப்பிக்க வேண்டும். வெளிநாட்டு ஊழியருக்காக அவர் அரசுக்குச் செலுத்தும் தீர்வையை உங்கள் சம்பளத்தில் பிடிக்கவோ, உங்கள் கடப்பிதழை (பாஸ்போர்ட்டை) வாங்கி வைத்துக்கொள்ளவோ அவருக்கு உரிமையில்லை. தோழி இருப்பது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) வீடென்றால், குடியிருப்பவராக உங்கள் பெயரையும் வீட்டு உரிமையாளர் பதிந்தாக வேண்டும். ஆகவே உரிமையாளரிடம் முன்கூட்டியே பேசும்படி தோழியிடம் சொல்லுங்கள்.

புறப்படுமுன் இங்கே முடிக்க வேண்டியது உங்கள் திருமணக் கணக்கு. பதிவுத் திருமணம் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன். மலேசியாவின் 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டப்படி, துணைவர் இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் தொடர்ந்து கைவிட்டிருப்பது மணமுறிவுக்குச் சான்றாக ஏற்கப்படும். வழக்குக்கு முன் சமரசக் குழுவிடம் போக வேண்டும் என்பது பொது விதியாயினும், விட்டுப்போனவரின் இருப்பிடம் தெரியாதவர்களுக்கு அதில் விலக்கு உண்டு. வழக்கறிஞருக்குச் செலவழிக்க முடியாவிட்டால் சட்ட உதவித் துறையை அணுகுங்கள். ஊழியர் சேமநிதியில் உங்களுக்குப் பின் பணத்தைப் பெறுபவராகக் கணவரை நியமித்திருந்தால், மணவிலக்கு கிடைத்தாலும் அந்த நியமனம் தானாக நீங்காது, நீங்கள்தான் போய் மாற்ற வேண்டும். முஸ்லிம் அல்லாதவர்களுக்கு நியமிக்கப்பட்டவரே அந்தப் பணத்துக்கு உரியவர் என்பதால், இதை அடுத்த வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் கடிதத்தில் அம்மாவின் மறைவை ஒரே வரியில் கடந்து தோழியிடம் வந்துவிடுகிறீர்கள். அம்மா இருந்த இடத்தில் அவரை உட்கார வைத்துவிடுவீர்களோ என்று அஞ்சுகிறேன். அவரும் இழந்தவர்தான், ஆனால் தம் துக்கத்தின் கடுமையான காலத்தை ஒருவேளை அவர் அங்கே தனியாகவே கழித்திருக்கலாம். பகலெல்லாம் அடுப்படியில் நின்றுவிட்டு நள்ளிரவில் வந்து படுப்பவரிடம், கணவர் செய்த துரோகத்தை நாள்தோறும் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தால், எவ்வளவு பிரியமானவரும் ஒரு கட்டத்தில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். அழக்கூடாது என்று சொல்லவில்லை. அழுவதற்கு அவர் ஒருவரை மட்டுமே நம்பியிருக்காதீர்கள்.

பணத்தையும் வாய்விட்டுப் பேசிவிடுங்கள். வாடகையில் உங்கள் பங்கு என்ன, சமையல் சாமான் யார் வாங்குவது, முதல் சம்பளம் வரும்வரை அவர் கொடுப்பது கடனா அன்பளிப்பா என்பதெல்லாம் போகுமுன்பே தெளிவாக வேண்டும். "நமக்குள் என்ன கணக்கு" என்று அவர் தட்டிக்கழித்தாலும் விடாதீர்கள். சொல்லப்படாத கணக்கை மனம் எழுதி வைத்துக்கொள்ளும். ஓராண்டுக்குள் தனி அறை பார்த்துக்கொள்வேன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். அவரை விட்டு விலகுவதற்காக அல்ல, நீங்கள் சுமையாகிவிடமாட்டீர்கள் என்ற நிம்மதி அவருக்கும் வேண்டுமல்லவா?

வேலை அனுமதிக்கான ஒப்புதல் கடிதம் கைக்கு வரும்வரை இப்போதைய வேலையையும் வாடகை வீட்டையும் விட வேண்டாம். அதுவரை தோழியைப் பார்க்க விரும்பினால் உண்மையாகவே பார்க்கப் போய்வாருங்கள்; அந்தச் சமையற்கட்டு உங்களுக்கு ஒத்துவருமா என்பதும் தெரிந்துவிடும்.