இங்கிலாந்தில் 'சைல்ட்மைண்டர்' என்பவர் யார்? வீட்டிலேயே குழந்தை பார்ப்பதற்கு எதற்குப் பதிவு?

பிறர் குழந்தைகளைத் தன் வீட்டில் வைத்து, பணம் வாங்கிக்கொண்டு பார்த்துக்கொள்பவர்தான் சைல்ட்மைண்டர். 8 வயதுக்குக் கீழுள்ள குழந்தையை ஒரு நாளில் 2 மணி நேரத்துக்கு மேல் பார்த்தால், ஆஃப்ஸ்டெட் என்ற அரசு அமைப்பிடமோ அங்கீகாரம் பெற்ற ஏஜென்சியிடமோ பதிவு செய்ய வேண்டும்.

காரணம் எளிது. பூட்டிய கதவுக்குப் பின்னால் நடப்பதைச் சின்னக் குழந்தையால் வந்து சொல்ல முடியாது. வீட்டில் சமைத்துச் சாப்பிட்டால் யாரும் கேட்பதில்லை. அதே அடுப்பில் மெஸ் நடத்தினால் சுகாதாரம் பார்க்க ஆள் வருவார்கள் இல்லையா, அது மாதிரி.

அதனால்தான் குற்றப் பின்னணிச் சோதனை, குழந்தைகளுக்கான முதலுதவிப் பயிற்சி எல்லாம். திராட்சையைக்கூட நீளவாக்கில் நறுக்கித்தான் கொடுக்கச் சொல்வார்கள். முழுதாகக் கொடுத்தால் தொண்டையில் அடைத்துவிடும். ஒரு சைல்ட்மைண்டர் ஒரே நேரத்தில் பொதுவாக 8 வயதுக்குட்பட்டவர்கள் 6 பேர்வரை பார்த்துக்கொள்ளலாம், அதில் 5 வயதுக்குட்பட்டவர்கள் 3 பேர்வரை. சொந்தப் பிள்ளைகளும் இந்தக் கணக்கில் சேர்வார்கள். இந்த வேலையில் இறங்கும் அம்மாக்கள் இதைக் கவனிக்காமல் விட்டுவிடக் கூடாது.

அப்புறம், நானியும் சைல்ட்மைண்டரும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். நானி குழந்தையின் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பவர், சைல்ட்மைண்டரிடம் குழந்தைதான் வரும்.